கிரேக்க எழுத்தில் ஒரு கடிதம்

நான்காக மடித்த அந்த நீலக் கடிதத்தை மேற்பார்வையாளர் முதன்முதலில் விரித்தது எங்கள் பிஸ்கட் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில். மெல்பேர்னின் புறநகரான வெரிபீயிலிருந்து நான் ரயிலில் வேலைக்குப் போய்வந்த காலம். அவர் மெல்பேர்னில் பிறந்த கிரேக்கர், இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். தேநீர் இடைவேளையில் தம் இனத்தின் மூவாயிரம் ஆண்டுக் கதையைத் தொடங்குவார். நாடகம், வைத்தியம், மக்களாட்சி என்று எந்தப் பேச்சும் ஏதென்ஸில் போய்த்தான் முடியும்.

கடிதம் இறந்துபோன தந்தையின் பெட்டியில் கிடைத்ததாம். தந்தை ஆஸ்திரேலியா வந்த புதிதில், கிரேக்கத்திலிருந்து தாத்தா எழுதியது. எழுத்து கிரேக்கம், ஆனால் கிரேக்கம் தெரிந்த அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மிகப் பழைய கிரேக்கமாக இருக்கும் என்று பெருமையோடு உரக்க எழுத்துக்கூட்டினார். "எவ்லாதிம்..." பொதியிடும் பிரிவில் என்னோடு நின்ற துருக்கி அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அது 'என்ர பிள்ளை' எண்டு அர்த்தம். நீங்கள் வாசிக்கிறது எங்கட பாஷை."

மேற்பார்வையாளரின் முகம் சிவந்தது. "எங்கட ஆக்கள் கிரேக்கர்" என்று கடிதத்தை மடித்துக்கொண்டு எழுந்து போனார். ஒரு வாரம் வரலாறு எதுவும் இல்லை.

பிறகு அவரே வந்து அக்காவின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். "அப்பா ஆஸ்பத்திரியில கடைசியா என்னைப் பார்த்துச் சொன்னதும் அந்தச் சொல்தான். உளறுறார் எண்டு நினைச்சிட்டன்."

எழுத்து அவருக்குத் தெரியும், பொருள் அக்காவுக்குத் தெரியும். அவர் வாசிக்க வாசிக்க அக்கா பொருள் சொன்னார். மேற்பார்வையாளரின் முன்னோர் துருக்கி மண்ணில், துருக்கி மொழி பேசி, அதைக் கிரேக்க எழுத்தில் எழுதி, கிரேக்கத் திருச்சபையில் வழிபட்டவர்கள். 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மதத்தைப் பார்த்து மக்களை மாற்றிக்கொண்டபோது அவர்களைக் கிரேக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வசைப்பெயர் 'துருக்கி விதை'. தாத்தா கடைசியில் எழுதியிருந்தார்: "உனக்குப் பிறக்கும் பிள்ளைகளோடு நம் மொழியில் பேசாதே. அவர்களையாவது யாரும் எதுவும் கேட்காமல் இருக்கட்டும்."

அவர் கேட்டுக்கொள்ள, அக்கா அந்த வரியை இரண்டாம் முறையும் சொன்னார்.

நான் யாழ்ப்பாணத்து முஸ்லிம். நாங்கள் பேசுவதும் தமிழ்தான். அதே தமிழில்தான் 1990இல் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கத்தினர் எங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அதை அன்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "பிள்ளையளோட என்ன பாஷை கதைக்கிறனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். தமிழ் என்றேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதையும் மறைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, இயந்திரங்கள் ஓடத் தொடங்குமுன், எங்கள் இருவரிடமும் வந்தார். ஞாயிறன்று தந்தையின் கல்லறைக்குப் போய், கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை துருக்கி மொழியில் வாசித்தாராம். பக்கத்தில் பூ வைக்க வந்த கிரேக்கக் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தனவாம்.

"நான் குரலைக் குறைக்கேல்லை" என்றார்.