வியாழக்கிழமை நான்கு மணி

நான் ஜெபிக்கவில்லை. கியர்ஸ்டனுக்காக ஒரு வியாழக்கிழமைகூட ஜெபிக்கவில்லை. ஜெபித்ததாகக் கையெழுத்து மட்டும் போட்டேன்.

சொல்லிவிட்டேன்! இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து நானும் கணவரும் டென்மார்க்கில் சில்க்போர்க் நகருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்களுக்கு டேனிஷ் சொல்லித் தந்தவள்தான் கியர்ஸ்டன். தாதி வேலை செய்தவள். கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போய், இது மா, இது உப்பு என்று காட்டித் தந்தவள். நாங்கள் ஊரில் கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற கிறிஸ்தவ வேதக்காரர் என்று தெரிந்ததும், தங்கள் சபை கூடுகிற மிஷன் வீட்டுக் கூட்டத்துக்கும் கூட்டிப்போனாள்.

அங்கே கிழமைதோறும் ஆப்பிரிக்காவின் எழுப்புதலுக்காக ஜெபம் நடக்கும். கியர்ஸ்டன் தன்சானியாவுக்கு மிஷனரியாகப் புறப்பட்டபோது அவளுக்காகச் சங்கிலி ஜெபம் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் கிழமையில் ஒரு மணி நேரம். அவரவர் வீட்டில் ஜெபித்துவிட்டு, மிஷன் வீட்டுக் கதவடியில் தொங்கும் தாளில் கையெழுத்துப் போடவேண்டும். வியாழன் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை என்னுடையது. அவளே கேட்டு எனக்கு வாங்கித் தந்த மணி அது!

அவள் போய், என் முதல் வியாழன் வருமுன்னே ஊரிலிருந்து கடிதம் வந்தது. சுற்றிவளைப்பில் என் தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டது. பத்தொன்பது வயதுப் பிள்ளை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். தெரிந்த டேனிஷை எல்லாம் திரட்டி, என் தம்பிக்காக ஐந்து நிமிடம் ஜெபியுங்கள் என்று கேட்டேன். கூட்டத்தை நடத்தும் யென்ஸ் சாந்தமாகச் சிரித்தார்.

"இந்த மாலை ஆப்பிரிக்காவுக்கு உரியது, சகோதரி. அரசியலை இங்கே கொண்டுவர வேண்டாம்."

பிறகு கோப்பி வந்தது. கேக்கும் வந்தது.

அரசியலாம்! என் தாய் பெற்ற பிள்ளை அவர்களுக்கு அரசியல்! கண்ணால் காணாத கிராமங்களுக்காகக் கண்ணீர் வடித்தவர்களுக்குப் பக்கத்துக் கதிரையில் அழுதவளைத் தெரியவில்லை.

அந்த வியாழன் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, நான்கிலிருந்து ஐந்து வரை மணிக்கூட்டையே பார்த்தபடி இருந்தேன். வாய் திறக்கவில்லை. அடுத்த வியாழனும் அப்படித்தான். கையெழுத்தை மட்டும் தவறாமல் போட்டேன். ஜெபிக்காமல் இருப்பதற்கென்றே நேரம் ஒதுக்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்...

கியர்ஸ்டன் எனக்கு என்ன செய்தாள்? ஒன்றுமில்லை. யென்ஸை ஒன்றும் செய்ய முடியாத கோபத்தை அவள்மேல் தீர்த்தேன். கோழை!

அடுத்த ஆண்டு அவள் விடுமுறையில் வந்தாள். மலேரியா திரும்பத் திரும்ப வந்து ஆளை உருக்கியிருந்தது. இனிப் போகவேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். கூட்டத்தில் அவள் பேசினாள். உயிர் போகும் என்று நினைத்த ஒரு வியாழன் மாலை திடீரென்று காய்ச்சல் இறங்கியதாம். "நீ ஜெபித்துக்கொண்டிருந்த நேரம்!" என்று எல்லோர் முன்னிலும் என்னைக் கட்டிக்கொண்டாள்.

யென்ஸ் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். இல்லை என்ற ஒரே சொல் போதும்... நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அன்றைக்கு எனக்குப் பெரிய பாரம் வந்தது. முழங்காலில் விழுந்து அழுதேன்."

சபை அழுதது. யென்ஸ் தாமாகவே என் தம்பியின் பெயரைச் சொல்லி எல்லோரையும் ஜெபிக்க அழைத்தார். முழு வீடும் முழங்காலில் நின்றது. உண்மையாய் அழுது கேட்டபோது மறுத்ததை, பொய் சொன்னவுடன் தூக்கித் தந்தார்கள்! அவர்களை மன்னிக்க இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை. என்னையும்தான்.

"வியாழக்கிழமைகளில் நீ இருக்கும்போது எனக்கு என்ன பயம்? நான் திரும்பிப் போகிறேன்," என்றாள் கியர்ஸ்டன்.

கணவருக்கு எல்லாம் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"இஞ்சேரும், அந்தப் பிள்ளையிட்டை உண்மையைச் சொல்லும். அவ உம்மை நம்பித்தான் வெளிக்கிடுறா."

"சொன்னா என்ர தம்பிக்கு ஆர் முழங்காலில நிப்பினம்? பேசாமல் இருங்கோ!"

அவர் பேசாமல் இருந்தார். அவள் போனாள்.

அதன் பிறகாவது ஜெபித்தாயா என்று கேட்கிறீர்களா? முயன்றேன். முழங்காலில் நின்றால் யென்ஸின் சிரிப்புத்தான் கண்ணில் வந்தது. எழுந்து கதிரையில் இருந்துவிட்டேன்.

ஐந்து மாதத்தில் தம்பியை விட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் கியர்ஸ்டன் இறந்துபோனாள். அதே காய்ச்சல்.

நினைவுக் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவளுடைய தாய் என்னிடம் வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்தார். அவருடைய கைகள் குளிர்ந்து போயிருந்தன.

"அந்தக் கடைசி வியாழனும் அவளுக்காக ஜெபித்தாயா?"

இல்லை என்றால் நான் கொலைகாரி. ஆம் என்றால்... கேட்டும் கைவிட்டவர் கடவுள்.

"ஜெபித்தேன்," என்றேன்.

அவர் என் கைகளை விட்டார். "அப்படியானால் கடவுளுக்குக் கேட்டிருக்கிறது," என்றார். சொல்லிவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அதன் பிறகு அவர் மிஷன் வீட்டுக்கு வரவேயில்லை. தேடிப்போன யென்ஸுக்கும் கதவு திறக்கவில்லை.

நான் இன்றும் போகிறேன். நல்ல ஜெபக்காரி என்று அங்கே எனக்குப் பெயர்.