மண்டி வாசலில் மீரான் பாய் மறித்த வண்டி

கொச்சி வெலிங்டன் தீவில் படகுக்காக நின்றபோதுதான் செய்தி வந்தது. சுமை தூக்கும் வர்கீஸ் சேட்டன் என் தோளைத் தொட்டு, "அறிஞ்சில்லே? நம்ம மீரான் பாய் மரிச்சுப் போயி" என்றார். நான் மட்டாஞ்சேரி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. பஜாரில் இரங்கல் தட்டி வைத்திருந்தார்கள். 'அதிர்ந்து பேசாத உத்தமர்' என்று எழுதியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டிகளுக்கு வயரிங் பார்த்த மீரான் பாயின் பட்டறையில் ஒரு நாளாவது நின்றவன் இப்படி எழுதுவானா? அவர் வாயைத் திறந்தால் எதிர்ச்சாரியில் மிளகு நிறுப்பவன் கை நிற்கும். செத்த மனிதனிடமிருந்து அவன் கோபத்தைப் பிடுங்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அந்தக் கோபத்தால்தான் நான் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்கிறேன். எழுபதுகளின் கடைசியில் ஓர் அரிசி மண்டி முதலாளியின் பழைய அம்பாசடரை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜை கழிந்ததும் டேஷ்போர்டு விளக்குகள் படுத்துவிட்டன. பொழுது சாய்ந்து ஹெட்லைட் போட்டால் சாலை தெரியும். மீட்டர்கள் மட்டும் இருண்டு கிடக்கும். முதலாளி புது பல்புகள் வாங்கித் தந்தார். மாட்டினேன், இருட்டு. மறுபடி வாங்கித் தந்தார், மறுபடி இருட்டு. "புதுசை வித்துட்டு அவிஞ்சதை மாட்டறான், கள்ளன்" என்று பஜாரே கேட்கச் சொன்னார். மாதம் முடிந்ததும் உன் ஊர் தென்காசிக்கே போய்விடு என்றார். அந்தப் பெயரோடு வெளியேறினால் எவன் என்னை நம்பி வண்டிச் சாவி தருவான்?

வண்டியை மீரான் பாய் பட்டறைக்கு ஓட்டிப்போய்ச் சொன்னேன். அவர் பல்புகளைக் கழற்றிப் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். எல்லாம் எரிந்தன. "பின்னே எந்தினாடா அழறே? சாயங்காலம் நீ என்னென்ன போடுவியோ அதெல்லாம் போடு" என்றார். விளக்கு சுவிட்சைப் போட்டேன். பட்டறை இருட்டில் மீட்டர்கள் மங்கலாக எரிந்தன. வழக்கம்போல் டேஷ்போர்டில் குருவாயூரப்பன் படத்துக்கு முன்னாலிருந்த சிவப்பு பல்பையும் போட்டேன். மீட்டர்கள் அணைந்தன.

படத்தைப் பொருத்தியது முதலாளியின் மச்சினர், பூஜையன்று. மீட்டர் விளக்குகளின் எர்த் வயரை வண்டி உடம்போடு பிடித்திருந்த திருகைக் கழற்றி, படத்தின் தகட்டை நடுவில் நுழைத்து முடுக்கியிருக்கிறார். பெயிண்ட் அடித்த தகடு. கரண்ட் திரும்பிப் போகக் கொஞ்சம்தான் வழி. போதாததற்குச் சிவப்பு பல்பின் வயரும் அங்கேயே; அது எரிந்தால் அந்தக் கொஞ்ச வழியையும் அடைத்துவிடும். "எர்த்து இல்லாத வெளக்கும் வெக்கம் இல்லாத மொதலாளியும் ஒண்ணுதான்" என்றார் மீரான் பாய்.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார். "நான் தொட்டா, பாய் சாமியைக் கழட்டினான்னு வரும். நீ தொட்டா, சாமியையும் களவாண்டேன்னு வரும். வெச்ச வீட்டுக்காரனே வந்து கழட்டட்டும்."

வண்டியைக் கொண்டுபோய் மண்டி வாசலில் குறுக்கே நிறுத்தினார். முதலாளி வந்து, செருப்பை விட்டு, படத்தைக் கும்பிட்டுத் தாமே கழற்றினார். மீரான் பாய் தகட்டை விலக்கி, இடத்தைச் சுரண்டி, வயரை நேராக வைத்து முடுக்கினார். பட்டப்பகல் என்பதால் கோணிச் சாக்கைப் போர்த்தி, அதற்குள் முதலாளியைத் தலைவிட்டுப் பார்க்கச் சொன்னார். எல்லாம் எரிந்தன, சிவப்பு பல்பும் சேர்ந்து.

"சரி, போகட்டும். வண்டியை எடு" என்றார் முதலாளி, தலையில் ஒட்டிய சணலைத் தட்டிக்கொண்டே.

மீரான் பாய் சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டார். "எங்கே போறது? பஜார்ல சொன்னதை பஜார்லயே எடுத்துக்கோ."

பின்னால் அரிசி மூட்டைக் கைவண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. இழுப்பவர்கள் கத்தினார்கள். முதலாளி ஏதோ முனகினார்.

"காது கேக்கலை" என்றார் பாய்.

"இவன் கள்ளன் இல்லை!" என்று முதலாளி கத்தினார்.

அதன்பின் அந்த மண்டி வண்டி எதுவும் பாயிடம் வரவில்லை. கேட்டால், "வராட்டி போ. அநியாயத்தைக் கேட்டுட்டு சும்மா இருந்தா எனக்குச் சோறு எறங்காது" என்பார்.

அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்தச் சோறு இறங்காத குணம்தான். இப்போது எனக்கென்று இரண்டு டாக்சிகள் ஓடுகின்றன. போன வாரம் ஒரு பெரிய மனிதர், வண்டியில் விட்ட கைக்கடிகாரத்தை என் டிரைவர் எடுத்துவிட்டான் என்று தெருவில் வைத்துச் சொன்னார். கடிகாரம் அவர் வீட்டிலேயே கிடைத்தது. விஷயத்தை விட்டுவிடச் சொல்லி வாட்ச்மேனை அனுப்பினார். அவர் வீட்டு கேட்டின் குறுக்கே என் வண்டி நிற்கிறது. சாவி என் மடியில் இருக்கிறது.