வயிற்றுவலி என்று சொன்னேன்

அவசரப் பிரிவு வாசலில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த ஊழியர், என் மகளை விட்டுவிட்டு என்னைப் பிடித்து அதில் உட்கார வைத்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தேன். முகம் வேறு அப்படி வெளுத்திருந்ததாம். பக்கத்தில் தள்ளாடி நின்ற பதினேழு வயது செல்விதான் நோயாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவிதான் என்னை எழுப்பிவிட்டு அவளை உட்கார வைத்தாள்.

எண்பத்தொன்றாம் வருஷம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அண்டை வீட்டுக்காரர் காரில் ஈப்போவுக்கு வந்திருந்தோம். செல்வி வீட்டிலிருந்த மாத்திரைகளை விழுங்கியிருந்தாள். எவை, எத்தனை என்பது டாக்டருக்குத் தெரிந்தால் போதும்.

ஏன் விழுங்கினாள் என்று டாக்டர் மலாயில் கேட்டார்.

"வயித்துவலி டாக்டர். தாங்க முடியாம அதிகமாப் போட்டுட்டா" என்று நானும் மலாயில் சொன்னேன்.

தோட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பதில் மனப்பாடம். இப்படி ஏதாவது நடந்துவிட்டால் போலீசுக்கும் வயிற்றுவலி, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிக்கும் வயிற்றுவலி, பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் வயிற்றுவலி. தற்கொலைக்கு முயல்வது சட்டப்படி குற்றம். மகள் கையில் விலங்கு மாட்டிவிடுவார்கள் என்று நடுங்கினேன்.

அந்த டாக்டர் தோட்டத்தில் பிறந்தவர் அல்ல, நம்பிவிட்டார். மாத்திரைக்கான சிகிச்சையைத் தொடங்கிய கையோடு அவள் வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். குடல்வால் அழற்சியாக (பெருங்குடலின் தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு வால் வீங்குவது) இருக்கலாம், அறுவை டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றார். என் பொய்க்கு ஆப்பரேஷன் நடக்கப் போகிறது. அதன்பின் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் மறுபடி அவளும், ஒன்றும் தெரியாத நானும்.

மிஸ்ஸி (தாதி) ஒருவர் என்னைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அண்ணே, நானும் தோட்டத்துல பொறந்தவதான். அங்க வயித்துவலின்னா என்னன்னு எனக்குத் தெரியும்லா."

"போலீசு வந்துருமே மிஸ்ஸி."

"வந்தா பேசிக்கலாம். இப்ப உண்மையச் சொல்லலன்னா புள்ளைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அங்க யாரு பாத்துக்குவா, நீங்களா? உங்களுக்கே ஒரு ஆளு வேணும் போலிருக்கு."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நாற்பது வருஷமாகப் பேசிய மலாய் அன்று திக்கியது. அவர் திட்டவில்லை. அறுவை டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மிஸ்ஸியைப் பார்த்துத் தலையசைத்தார்.

மிஸ்ஸி கட்டிலோரம் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் கேட்டார். "சாகணும்னு நெனச்சியாம்மா?"

நான் அவர் வாயைப் பொத்தப் போனேன். கேட்டால்தான் அந்த எண்ணமே வரும் என்பது என் வைத்திய அறிவு.

"ஆமாக்கா."

"இப்பவும் இருக்கா?"

"கொஞ்சம்."

அதுவரை சுவரைப் பார்த்திருந்தவள் அழுதாள். பிறகு பேசினாள். அவளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே நான் பார்க்காத ஒரு வருஷம் அந்தப் பேச்சில் இருந்தது.

வார்டில் வைத்துக்கொண்டார்கள். மனநல டாக்டர் வந்து பார்த்தார். போலீஸ்காரர் ஒருவரும் வந்தார். எழுதிக்கொண்டு போனார், விலங்கு வரவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது மிஸ்ஸி சொன்னார்: "மாத்திரை, களைமருந்து எதுவும் வீட்டுல இருக்கக் கூடாதுண்ணே. பூட்டி வச்சாலும் பத்தாது. அவளத் தனியா விடாதீங்க. தெனமும் கேளுங்க, நேராவே கேளுங்க."

உங்கள் பிள்ளையோடு அந்த வாசலில் நிற்க நேர்ந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கால் நடுங்கினால் நடுங்கட்டும்.

நான்கு வருஷம் ஆகிறது. செல்வி வேலைக்குப் போகிறாள். மாதக் கணக்கில் யோசிக்கிற பழக்கம் என்னை விட்டுப் போய்விட்டது. இன்றைக்கு என்பது மட்டும்தான் கணக்கு. என் காதுகள் குளியலறைப் பக்கமே திரும்பி வளர்ந்துவிட்டன என்று நினைக்கிறேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால் என் மூச்சும் நிற்கிறது.

நேற்றும் நின்றது. கதவருகே போனேன். கூப்பிடவில்லை, செருப்புச் சத்தம் காட்டிக்கொடுத்திருக்கும்.

"இருக்கேன்பா. சோப்புப் போடுறேன்" என்றாள் உள்ளிருந்து.

சிரித்தேன். அடுத்த குவளைத் தண்ணீர் விழும் வரை அங்கேயே நின்றேன்.