முள் துடித்த வாட்ச்

பாரீஸுக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் கேரட் சீவுகிறவன் நான். சுத்தம் கெட்டுவிடும் என்று அங்கே வாசலிலேயே வாட்சைக் கழற்றி லாக்கரில் வைக்கச் சொல்லிவிடுவார்கள். பதினோரு வருடமாகப் பாதி நாளை வெறும் மணிக்கட்டோடு கழித்தவனுக்குப் புதுச்சேரியில் வந்து இறங்கியதும் ஒரு விஷயம் விநோதமாகப் பட்டது. எப்போது வந்தாய் என்று விசாரிக்கிறவர்களின் கண் என் முகத்தில் இல்லை, இடது கையில் இருக்கிறது. பிரான்சுக்காரன் என்ன கட்டியிருக்கிறான் என்று பார்த்த பிறகுதான் காப்பியே வருகிறது. அங்கே நான் கையில் சுவர்க்கடிகாரத்தையே மாட்டிக்கொண்டு போனாலும் மெட்ரோவில் ஒருவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

இந்த முறை நான் வந்தது தங்கை கல்யாணத்துக்கு. நிச்சயத்தன்று பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா இல்லாத வீடு, ஒன்றிலும் குறை வரக்கூடாது என்று எனக்கு வீம்பு. இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கேரட் சீவி, பேர்போன சுவிஸ் வாட்ச் ஒன்றைப் பாரீஸில் வாங்கியிருந்தேன். அந்தக் கம்பெனியிலேயே எளிமையான மாடல், மெலிசானது, பாட்டரியில் ஓடுவது, அதனால் விநாடி முள் விட்டுவிட்டுத்தான் நகரும். கடைக்காரப் பெண்மணி வெள்ளைக் கையுறை போட்டு எடுத்துக் காட்டி, யாருக்கு என்று கேட்டார். தங்கையின் வருங்காலக் கணவருக்கு என்றேன். தங்கைக்கு ஒன்றும் இல்லையா என்றார். அவளுக்குத்தான் மாப்பிள்ளை கிடைக்கிறாரே என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பில்லை மட்டும் வேகமாகப் போட்டுக் கொடுத்தார்.

நிச்சயத்தன்று ஊரே பார்க்க மாப்பிள்ளைக்கு அதைக் கட்டிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம், நல்ல மனிதர்கள். ஆனால் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் வாட்ச் விஷயத்தில் புலி. அதைக் கழற்றி வாங்கி, உள்ளங்கையில் தூக்கி எடை பார்த்தார், காதில் வைத்தார், விநாடி முள்ளையே ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை கையிலேயே திரும்பக் கட்டிவிட்டார். அவர் கையில் இருந்ததோ அதே பெயர் போட்ட, தேங்காய் மூடி அளவு வாட்ச். மறுநாள் காலைக்குள் பிரான்சுக்காரன் டூப்ளிகேட் கட்டிவிட்டான் என்ற செய்தி பாகூரிலிருந்து கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. ஒரிஜினல் என்றால் முள் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமாம், இது விட்டுவிட்டுத் துடிக்கிறதாம்.

தங்கை அழுதுகொண்டே வந்து நின்றாள்.

"ண்ணா, நாளைக்கு அந்த வூட்ல நான் எப்பிடி தல நிமிந்து நிப்பேன்? இதுக்கு நீ ஒண்ணும் கட்டாமயே இருந்திருக்கலாம்."

கம்பெனியின் உத்தரவாத அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம் என்றால், அட்டைகூட டூப்ளிகேட் கிடைக்குமே என்று பாகூரிலிருந்து அதற்கும் பதில் வந்தது. பாட்டரி பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் பொய் சொல்லி வாட்சை வாங்கிக்கொண்டு, பெரிய மார்க்கெட் பக்கம் டூப்ளிகேட் வாட்ச் விற்கிற ஒருவரிடம் போனேன். பலகை அடித்த சின்னக் கடைதான், ஆனால் ஆள் பேராசிரியர் மாதிரி விளக்கினார். முன்னெல்லாம் டூப்ளிகேட் என்றால் ஒரு மழைக்குக் கண்ணாடிக்குள் பனி பிடிக்கும், வியர்வைக்கு முலாம் உரிந்து கை பச்சையாகும். இப்போது சுத்தி மாதிரி கனம், ஆணியால் இழுத்தாலும் கீறல் விழாத கண்ணாடி, பின்பக்கம் சக்கரம் சுற்றுவது தெரியும், நம்பர் கூடப் பொறித்து வருகிறது. என் வாட்சைக் கண்ணில் லென்ஸ் மாட்டிப் பார்த்தவர் அதை மரியாதையாகக் கீழே வைத்தார்.

"ஒரிஜினல்தான் சார், அதான் பிரச்சன. இந்த ஊர்ல ஒரிஜினல எத்தினி பேரு பாத்திருக்காங்க? பாத்ததெல்லாம் என் சரக்குதான். அதுமாரி இருந்தாதான் நம்புவாங்க."

அந்த நிமிடம் எனக்கு மானம் பெரிதா வாட்ச் பெரிதா என்று யோசிக்கத் தோன்றவில்லை, தங்கையின் முகம்தான் தெரிந்தது. அவர் கடையிலேயே கனமானதை, முள் எண்ணெயில் போகிற மாதிரி வழுக்குவதை வாங்கினேன். சுவிஸ் கம்பெனியின் அட்டையையும் பாரீஸ் பில்லையும் அதனோடு சேர்த்து, முன்பு கட்டியது அவசரத்தில் மாறிப்போன என் சொந்த வாட்ச் என்று சொல்லிக் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குக் கட்டினேன். சித்தப்பா வாங்கி எடை பார்த்தார். பிறகு என் தோளில் கை போட்டு, "பிரான்சுன்னா பிரான்சுதான் தம்பி" என்றார். தங்கை மணவறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது போதும்.

ஒரிஜினலைக் கட்டிக்கொண்டு நான் பாரீஸில் இறங்கினேன். விமான நிலையத்துச் சுங்க அதிகாரி பார்த்தது முகத்தை அல்ல, என் கையை. கழற்றச் சொன்னார். இது அசலா என்றார். அசல்தான், இங்கேதான் வாங்கினேன் என்றேன். பில் எங்கே என்றார். பாண்டிச்சேரியில், தங்கை கணவரிடம் என்றேன்.

"வாட்ச் இங்கே, பில் அங்கேயா?"

"ஆமாம் மிஸியே. அங்கே அவர்கள் நம்ப வேண்டியிருந்தது."

அவருக்குப் புரியவில்லை. என்னுடைய பிரெஞ்சுக்கு அதற்கு மேல் வழியும் இல்லை. வாட்சோடு உள்ளே போனவர் கால் மணி நேரம் கழித்து வந்தார். யாரிடம் கேட்டாரோ, அசல்தான் என்று முனகிக்கொண்டே மேசையில் வைத்தார். நான் கை நீட்டினேன். அதற்குள் பாஸ்போர்ட்டைக் கேட்டார்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மனைவி வழியாக எனக்குக் கிடைத்த பிரெஞ்சுப் பாஸ்போர்ட் அது. பிறந்த ஊர் பாண்டிச்சேரி என்று எழுதியிருந்த பக்கத்தை விளக்கடியில் பிடித்து, ஓரத்தை நகத்தால் நிரடிப் பார்த்தார். வாட்ச் போனால் போகிறது என்று அதுவரை தைரியமாக நின்றவன், அதற்காக நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டேன். இதற்குப் பில் எங்கே என்று கேட்டால் நான் எந்த ஊரைக் காட்டுவேன்?