சிமெண்ட்டுக்கு நடுவுல ஒரு சிறுகிழங்குப் பாத்தி

இன்னிக்குக் காலையில எங்க வீட்டுப் பின்பக்கம் தோண்டியாச்சு.

புதையல் இல்லீங்க, சிறுகிழங்கு. (பொங்கலுக்குத் திருநெல்வேலி வீடுகள்ல கண்டிப்பா இருக்கும். கோலிகுண்டு சைஸ், கருப்புத் தோல், உரிச்சா விரலெல்லாம் கறை. பெங்களூர் கடையில கேட்டா சேப்பங்கிழங்கை நீட்டுவாங்க.)

ஊர்ல இருந்து வந்ததுல மிச்சம் நாலு, கூடையில முளைவிட்டுக் கிடந்துச்சு. ரிசஷன்ல எனக்கு வேலை போன நேரம். சும்மா இருந்த கை, எடுத்து நட்டுடுச்சு.

வீடு லிங்கராஜபுரத்துல. நாங்க கீழ் போர்ஷன், மாடியில ஓனர் மேரி ஆன்ட்டி.

வீட்டம்மா ஆபீஸ் கிளம்பினதும் பின்வாசல் படியில உக்காந்துடுவேன். தூறல் விழும். மேல குட்டி குட்டியா இலை. கீழ என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?

இப்ப பட்டாணி அளவு இருக்குமா, இப்ப சுண்டைக்காய் அளவு வந்திருக்குமா... இப்படியே மணி பதினொண்ணு ஆயிடும்.

ஒரு தடவை ஓரமா விரலை விட்டுத் தடவிப் பாத்தேன். மண்ணு சில்லுன்னு இருந்துச்சு, ஒண்ணும் தட்டுப்படல. ஆனாலும் அந்த மாசங்கள்ல நான் நிம்மதியா இருந்தது அந்தப் படியில மட்டும்தான்.

"வேலை தேடச் சொன்னா கிழங்கு தேடிட்டு இருக்கீங்களா?"ன்னு வீட்டம்மா. (நியாயமான கேள்வி.)

நவம்பர்ல ஆன்ட்டி தலையில குண்டைத் தூக்கிப் போட்டாங்க.

"தம்பி, கிறிஸ்துமஸுக்குள்ள பின்னாடி பூரா சிமெண்ட் போடப்போறேன். என் பையன் ஜானுக்கு பைக் நிறுத்த இடம் வேணுமாம்."

"ஆன்ட்டி, இன்னும் ஒரு மாசம்... இலை பழுத்தாத்தான் கிழங்கு."

"ஹௌதா, அப்படியா? திங்கட்கிழமை மேஸ்திரி வரானேப்பா."

அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. (இன்டர்வியூ ஊத்திக்கிட்ட அன்னிக்குக்கூட ரெண்டாவது தடவை ரசம் கேட்ட ஆளு நான்.)

திங்கட்கிழமை மேஸ்திரி கலவை போட்டாச்சு. ஆன்ட்டி இறங்கி வந்தாங்க. செடியைப் பாத்தாங்க, என்னையும் பாத்தாங்க.

"மேஸ்திரி, அந்தச் செடி இருக்கிற இடத்தை மட்டும் விட்டுடு."

"நல்லா இருக்காதும்மா. தரையில ஓட்டை மாதிரி தெரியும்."

"தெரியட்டும்."

அதுக்கப்புறம் தினமும் ஆன்ட்டியும் காபியோட வந்து மேல் படியில உக்காந்துடுவாங்க. அதிகம் பேச மாட்டோம். ரெண்டு பேரும் மண்ணையே பாத்துட்டு இருப்போம்.

இந்த வாரம் இலை பழுத்துச்சு. இன்னிக்கு மூணு பேரும் சேந்து தோண்டினோம்.

மொத்தம் பதினொண்ணு. ஒரு கைப்பிடிகூட நிறையல.

உரிச்சு, தேங்காய் போட்டுப் பொரியல். எங்களுக்கு ஆளுக்கு மூணு, ஆன்ட்டிக்கு அஞ்சு.

எனக்கு வெக்கமாப் போச்சு. "ஆன்ட்டி, அந்த இடத்தையும் மூடிடச் சொல்லுங்க. ஜான் பைக்குக்கு இடைஞ்சல்"ன்னேன்.

ஆன்ட்டி தட்டைக் கீழ வச்சாங்க.

"மூடுறதா? எங்க வீட்டுக்காரர் போனப்புறம் நான் இந்தப் பக்கம் வந்து உக்காந்ததே இல்லப்பா. நீ நாளைக்கே வேலைக்குப் போயிடுவ. நான் என்னத்தப் பாத்துட்டு உக்காருவேன்? திரும்ப நடு."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வீட்டம்மா வேற பக்கம் திரும்பிக்கிட்டா.

அப்புறம்தான் மூணு பேரும் தட்டைப் பாத்தோம்.

விதைக்குன்னு ஒண்ணுகூட மிச்சம் வைக்கல.

பொங்கலுக்குத் திருநெல்வேலி போற மக்களே, திரும்பி வர்றப்ப நாலே நாலு கிழங்கு கொண்டு வருவீங்களா? எனக்கில்ல, ஆன்ட்டிக்கு.