அட்டையிலிருந்து விழுந்த நாலு மாடி வீடு

இன்று காலை ஹாலைக் கூட்டும்போது துடைப்பத்தில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் நாலு மாடி வீடு. பயந்துவிடாதீர்கள், உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் வீடுதான். அது இருந்த அட்டை சுவரில் ஆணியிலேயே தொங்கியது. அட்டைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கண்ணாடி மூடி மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. தொடுவதற்கு இந்த வீட்டில் என்னை விட்டால் யார்?

கையில் எடுத்ததும் அந்த வாசனை. இத்தனை வருஷம் மூடிக்குள் அடைந்து கிடந்தது, புது மழைக்கோட்டும் மெழுகுவர்த்தியும் கலந்த மாதிரி. மூக்கில் ஏறியவுடன் என் வீட்டுக்காரர் சவரி பக்கத்தில் சம்மணமிட்டு, "ரோசு, கத்தரிக்கோல் எங்க?" என்று கேட்பது போலிருந்தது.

அப்போது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். கிறிஸ்மஸ் வந்தால் வேதக்காரர் வீடுகளில் எல்லாம் குடில் போடுவார்கள். அங்கெல்லாம் ஆடு, மாடு, இடையர். எங்கள் குடிலில் பெட்ரோல் ஸ்டேஷன். ஆமாம், பெத்லகேமில்தான். மூலைக்கடைச் சீனர் கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் கயிறு கட்டி, ஹாங்காங் பொம்மைகளை அட்டை அட்டையாகத் தொங்கவிடுவார். கடை வீடு, தபாலாபீஸ், தீயணைப்பு வண்டி, லோரி. சவரி ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குவார். ஒன்றைப் பிரித்துக் குடிலில் வைப்பார், மற்றதை அட்டையோடு ஆணியில் மாட்டுவார். "ஒண்ணு ஒடஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்." இந்த நாலு மாடி வீடு மட்டும் ஒன்றுதான் கிடைத்தது. அதனால் பிரிக்கவே இல்லை.

வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் குடிலைப் பார்த்துக் கேட்டார்: "என்ன சவரி, மூணு ராஜாவும் ஒட்டகத்துக்கு எண்ணெய் ஊத்த வந்தாங்களா?"

"பாலைவனம் சாமி. பங்க் இல்லாட்டி எப்படி ஊருக்குத் திரும்புவாங்க?"

அப்படிச் சிரித்த நாட்கள். அடுத்த கிறிஸ்மஸுக்குள் எங்கள் முனையில் இருந்த பெட்ரோல் ஸ்டேஷனை இடித்துவிட்டார்கள். அதைப் பற்றி யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. பிறகு சவரி ஒரு பஸ்ஸைப் பிரித்தார். நம் ஊர் மினி பஸ் மாதிரியே ரோஸ் நிறம். பின்னால் அந்த மினி பஸ்களும் ரோட்டில் இல்லாமல் போயின. கதவில் தொங்கிக்கொண்டு போகும் அந்தப் பயணத்தைச் சபிக்காத நாளில்லை. நின்ற பிறகுதான் அந்த ஹார்ன் சத்தம் இல்லாமல் தெருவே ஊமை ஆனது போலிருந்தது.

பக்கத்து வீட்டுக் கமலாதான் முதலில் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். இந்துப் பெண், எங்கள் குடிலுக்கு முறுக்கோடு வருவாள். அந்த வருஷம் சவரி கையில் இருந்தது சிவப்புக் கூரை போட்ட வரிசை வீடு. அச்சு அசலாக எங்கள் குவார்ட்டர்ஸ்.

"அண்ணே, நீங்க பிரிச்சதெல்லாம் போயிருச்சு. இத விட்டுடுங்க லா!"

"ஏன், உன் வீட்டையும் சேத்து வெட்டிருவேன்னு பயமா?" என்று சொல்லிக்கொண்டே மூடியைக் கத்தரித்தார்.

வீடுகளுக்கு அடியில் சின்ன பல்பு வைப்பது அவர் வழக்கம். குட்டி ஜன்னல்கள் எல்லாம் எரிந்தன. "அந்தா பாரு, மூணாவது வீடு நம்மளது" என்று விரலால் காட்டினார். அடுத்த குடில் போடுமுன் எங்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். கமலா குடும்பமும் நாங்களும் லிஃப்ட் இல்லாத இந்த நாலு மாடி ஃப்ளாட்டுக்கு வந்தோம், அவள் மூன்றாம் மாடி, நாங்கள் நாலாம் மாடி. இடிக்கிற இயந்திரம் எங்கள் குவார்ட்டர்ஸ் கூரைமேல் கை வைப்பதை இந்த ஜன்னலிலிருந்தே சவரி பார்த்தார். தவக்காலம் தொடங்குமுன் போய்விட்டார், இதே ஜன்னலோரத்தில், நாற்காலியில் சாய்ந்தபடி.

நான் வேதக்காரி, இதையெல்லாம் நம்பக் கூடாது. நம்பவும் இல்லை. இடிக்கிறவனுக்கு எங்கள் வீட்டுக் கத்தரிக்கோல் எதற்கு? ஆனாலும் அதற்குப் பிறகு ஓர் அட்டையையும் நான் பிரித்ததில்லை. சுவர் முழுக்க அப்படியே தொங்குகின்றன. தூசி தட்டுவேன், அவ்வளவுதான்.

போன வருஷம் சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு தம்பி தேடி வந்தான். பழைய பொம்மை சேர்க்கிறவனாம். கோயிலுக்குள் வந்தவன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"எல்லாம் வின்டேஜ், ஆன்டி! அட்டையோட இருக்கிறதுதான் மதிப்பு. பிரிச்சா போச்சு."

"பிரிச்சா என்ன போகும்னு எனக்குத் தெரியும், தம்பி."

அவனுக்குப் புரியவில்லை. நாலு மாடி வீட்டின் அருகே போய் மூக்கை வைத்துப் பார்த்தான். "இந்தப் பசை காஞ்சுகிட்டே வருது, ஆன்டி. நம்ம ஊரு வெக்கைக்கு ஒரு நாளு தானா விட்டுரும். என்கிட்ட குடுங்க, ஏர்கோன்ல வச்சுப் பாத்துக்கிறேன்."

"எனக்கே ஏர்கோன் இல்ல. அதுக்கு மட்டும் எதுக்கு?" என்று டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவன் போன கொஞ்ச நாளில் இந்த ஃப்ளாட்டைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். உயரமாகக் கட்டப் போகிறார்களாம். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் இடிக்க முடியும் என்றார்கள். அப்புறம், எல்லாரும் வேண்டாம், பாதிக்கு மேல் போட்டால் போதும் என்று பேச்சு வந்தது. நான் போடவில்லை. என் பெயரைத் தமிழில் எழுத எனக்கு வரும். வராமல் இல்லை, போட மனமில்லை. இன்னொருவர் வீட்டு மூலையில் நான் பாய் விரித்ததில்லை. சவரி பார்த்த ஜன்னலை விட்டு எங்கே போவேன்?

போட்டவர்கள் ஒவ்வொரு வீடாகக் காலி பண்ணினார்கள். போன வாரம் கமலாவும் லோரி ஏறினாள். சாவியைக் கொடுத்துவிட்டு, சொல்லிக்கொள்ள மேலே வந்தாள்.

"முட்டி போச்சு, அக்கா. படி ஏற முடியல. மக கூப்பிடுறா." அவள் கண் சுவருக்குப் போனது. "அந்த மாடி வீடு இன்னும் அட்டையிலதான இருக்கு?"

"இருக்கு, பாரு."

"அது இருக்கட்டும், அக்கா. அத மட்டும் தொடாதீங்க." இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

நான் தொடவில்லை. அது தானாகத்தான் விழுந்தது. சோற்றுப் பருக்கையை நசுக்கி மூடியை ஒட்டிப் பார்த்தேன். பிடிக்கவில்லை. அட்டை பிஸ்கட் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது.

வேறு என்ன செய்வது? கிறிஸ்மஸும் வந்துவிட்டது, சாயங்காலம் குடில் போட்டேன். பெட்ரோல் ஸ்டேஷன், ரோஸ் பஸ், சிவப்புக் கூரைகள் என்று வெளியே இல்லாததெல்லாம் என் மேசைமேல் இருக்கிறது. நாலு மாடி வீட்டையும் தொழுவத்துக்குப் பக்கத்தில் வைத்து, அடியில் பல்பைச் சொருகி, சுவிட்சைத் தட்டினேன். குவார்ட்டர்ஸ் எரிந்தது, மூன்றாவது வீடும் எரிந்தது. மாடி வீட்டில் மட்டும் வெளிச்சம் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், அந்த ஜன்னல்கள் வெறும் பெயின்ட். ஓட்டையே கிடையாது. அட்டையில் இருந்தவரை அது தெரியவில்லை.

பிறகு குப்பையைப் போடக் கீழே இறங்கினேன். மீன் பொரிக்கிற வாசனை இல்லை, டிவி சத்தம் இல்லை, படியில் செருப்புகள் இல்லை. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கமலா வீடு இருட்டு. அதன் இரண்டு பக்கமும் இருட்டு, கீழேயும் இருட்டு. உச்சியில் என் ஜன்னல் ஒன்றில்தான் வெளிச்சம். இடிக்க இன்னும் எத்தனை வீடு பாக்கி என்று இங்கே நின்று எண்ணுகிறவனுக்கு இனி வேலை சுலபம்.