அரிசிமாவு அம்புகள்

ஹம்சாவுக்கு உட்காரத் தெரியாது. கல்யாண வீட்டில் கச்சேரி நடந்தால் மற்றவர்கள் தாளம் போடுவார்கள். இவள் எழுந்துபோய் பின்வரிசைக்கு ஃபேன் காற்று வருகிறதா என்று பார்ப்பாள். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு திரிகிறாள் என்று மயிலாப்பூர் உறவு முழுக்கச் சொல்லிச் சலித்தாயிற்று.

அவள் கணவர் ஸ்ரீவத்சனோ உட்காருவதில் கரைகண்டவர். காலை காபிக்கு நாற்காலியில் அமர்ந்தால் பேப்பரின் கடைசிப் பக்கம்வரை அசைய மாட்டார். அப்புறம் குறுக்கெழுத்து. தபால்காரர் வந்தாலும் ஜன்னல் வழியாகவே கையை நீட்டுவார். கடவுள் ஒரு வீட்டுக்கு அளந்துவைத்த ஓய்வு மொத்தத்தையும் ஒருத்தருக்கே கொடுத்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் ஹம்சா பிறக்கும்போதே இப்படியில்லை. அவளுடைய அம்மா ஒருநாள் முட்டி வலிக்கிறது என்று சோபாவில் உட்கார்ந்தார். அவ்வளவுதான் ஆரம்பம். உட்கார்ந்தவர் படுத்தார், படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஹம்சா வங்கி வேலையை விட்டுவிட்டு வருஷக்கணக்கில் அந்த அறையிலேயே கிடந்தாள். புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, மறுபடி புரட்டுவது. அம்மா போனபின் காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலை அவள் நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு நடக்கப் போனாள். இரண்டாவது சுற்றில் கால் தானாக ஓடத் தொடங்கியது. புடவையில் ஒரு மாமி ஓடுகிறாளே என்று பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் சல்வாரும் ஷூவும் வாங்கினாள்.

பூங்காவில் ஓடுகிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அதை நடத்துகிறவன் சக்திவேல். தி.நகரில் ஜவுளிக்கடை, குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். கடையில் கல்லாவைவிட்டு நகராத அப்பாவையும் பெரியப்பாவையும் பார்த்துப் பயந்து ஓட ஆரம்பித்தவன். மற்ற நாட்களில் பூங்கா, ஞாயிற்றுக்கிழமைகளில் பெசன்ட் நகர் கடற்கரை, மாதத்துக்கு ஒருமுறை வேளச்சேரிக்கு அப்பால் ஏரிக்கரையில் இருந்த பறவைகள் பாதுகாப்புப் பகுதி. அங்கே புங்க மரங்களுக்கும் கருவேலம் புதர்களுக்கும் நடுவே மண்பாதைகள் பிரிந்து பிரிந்து போகும். வழி தெரியாவிட்டால் சேற்றில் போய் முடியும்.

இந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக ஓடி வருகிறவருக்கு எல்லோரும் வரிசையாக நின்று கைதட்டுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கடைசியாக வருவது எப்போதும் ஹம்சாதான். அந்தக் கைதட்டலைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘பாவம் மாமி’ என்பதைத்தான் கையால் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். ஒருநாளாவது கடைசியாக வரக்கூடாது என்பது அவளுடைய ரகசிய வைராக்கியம்.

போன மாதம் வலது முட்டி வீங்கியது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை தேய்ந்துவிட்டது, இனி ஓடக்கூடாது, நடக்கலாம், அதுவும் மெதுவாக என்றார். ஹம்சா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, வீட்டுக்குப் போகாமல் மாடவீதிகளை இரண்டு தடவை சுற்றினாள். முட்டி. அம்மாவுக்கும் முட்டியில்தான் தொடங்கியது. அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் ‘உக்காரு’ என்பார். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் நொண்டுவதைச் சக்திவேல் கவனித்துவிட்டான்.

“மாமி, இந்தத் தடவை ஏரி ரன்னுக்குப் புது வழி பாத்துக் குறிக்க ஒரு பொறுப்பான ஆள் வேணும். நீங்கதான் சரியா இருப்பீங்க” என்றான்.

“அப்போ நான் ஓடலையா?”

“வழி குறிக்கறவங்க ஓட வேணாம் மாமி. அதுவே பெரிய வேலை.”

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்றால் இதுதான். ஹம்சா சரி என்றாள். மனசுக்குள் வேறு முடிவு செய்துகொண்டாள்.

சனிக்கிழமை மதியம் சுண்ணாம்புப் பொட்டலத்தோடு போனவளை வாசலிலேயே காவலர் துரைராஜ் மறித்தார்.

“சுண்ணாம்பு, பெயிண்டு, ரிப்பன் எதுவும் ஆவாதும்மா. பறவைங்க கீற எடம். வாய்ல போட்டுக்கினா அதுங்களுக்குத்தான் ஆபத்து.”

“கோலமாவு?”

“கல்லுப்பொடியா?”

ஹம்சாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எங்காத்துல கல்லுப்பொடி வாசப்படி தாண்டாது. பச்சரிசி ஊறவெச்சு அரைச்ச மாவு.”

“அரிசிமாவுன்னா போட்டுக்கோம்மா. அதால இன்னா கெட்டுப்போவுது.”

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் மாவு டப்பாவோடு திரும்பி வந்தாள். இருட்டுவதற்குள் ஒவ்வொரு பிரிவிலும் ஓர் அம்பு. வெறும் அம்பு போட அவளுக்குக் கை வரவில்லை; நுனியில் ஒரு சுழி, அடியில் இரண்டு புள்ளி. மார்கழியில் வாசலை அடைத்துப் போடும் அதே கை. நிமிர்ந்து பார்த்தபோது பெருமையாக இருந்தது.

ஞாயிறு விடியலில் கிளம்பும்போது ஸ்ரீவத்சன் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

“நானும் வரேன். காத்தாட இருக்கும்.”

ஹம்சாவுக்கு இது பிடிக்கவில்லை. சர்க்கரை உள்ள மனுஷர், வெறும் வயிற்றோடு எதற்கு என்றாள். பிஸ்கட் வைத்திருப்பதாகச் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். ஏரி வாசலில் இருந்த பெஞ்சில் அவரைப் பேப்பரோடு உட்காரவைத்தாள். “இங்கேயே இருங்கோ, வந்துடறேன்” என்றாள். அதை அவரிடம் சொல்லத் தேவையே இல்லை என்றும் நினைத்தாள்.

எல்லோரும் ஓடி மறைந்தபின் ஷூவின் லேஸை இறுக்கிக்கொண்டு அவளும் கிளம்பினாள். முட்டி முனகியது. கண்டுகொள்ளவில்லை. ஏரியில் நாமக்கோழிகள் மிதந்தன. அக்கரையில் அடுக்குமாடி வீடுகளின் பால்கனிகளில் துணி காய்ந்தது. மூச்சு ஒழுங்குக்கு வந்தது, அம்மா கிடந்த அறையின் வாடை மூக்கை விட்டுப் போனது. இதற்காகத்தான் அவள் ஓடினாள். வேறெதற்கும் இல்லை.

முதல் பிரிவுக்கு வந்தபோது அம்பைக் காணோம்.

குனிந்து பார்த்தாள். ஒரு சுழியின் பாதி மட்டும் மிச்சமிருந்தது. அதையும் எறும்புகள் வரிசை கட்டி எடுத்துப் போய்க்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி ஓர் அணில் மண்ணை நக்கிவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தது. எறும்புக்கும் குருவிக்கும் இரை போடுவதற்குத்தான் அரிசிமாவில் கோலம் போடுவது என்று பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்கிறவள் ஹம்சா. அந்த மகா புத்திசாலி முந்தின நாள் மாலை காடு முழுக்கப் பந்தி விரித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

குழுவின் ஷூத்தடங்கள் எல்லாம் வலப்பக்கம் போயிருந்தன. அந்தப் பாதை சேற்றைத் தாண்டி, பின்பக்கமாக ரயில் நிலையச் சாலையில் போய் முடியும். ஹம்சாவுக்கு முதலில் பகீரென்றது. அப்புறம் உள்ளே ஏதோ குறுகுறுத்தது. இடப்பக்கம்தான் சரியான வழி. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இன்றைக்கு அவள்தான் முதல். அவர்களிடம் கைபேசி இருக்கிறது, போனில் பேசி வந்து சேரட்டும். இடப்பக்கம் திரும்பி ஓடினாள். வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி.

சுற்றை முடித்து வாசலுக்கு வந்தபோது அங்கே யாருமில்லை. பெஞ்சும் காலி. மடித்த பேப்பர் மேல் ஸ்ரீவத்சனின் கைபேசி இருந்தது.

“ஐயா உள்ள போய்க்கீறாரும்மா” என்றார் துரைராஜ். “நீ போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கெளம்பிட்டாரு. ‘அவ போட்ட அம்பைப் பாத்துண்டே போறேன்’னாரு.”

அம்பு எங்கே இருக்கிறது? மூன்று தெரு தாண்டினால் நான்காவது தெரு தெரியாத மனுஷர். போன வாரம் மழை பெய்த கரை, இன்னும் வழுக்கும். சர்க்கரை குறைந்தால் கண் இருட்டும் என்பார். முதலில் வந்த பெருமை எங்கே போனதென்று தெரியவில்லை. மறுபடி உள்ளே ஓடினாள்.

முதல் பிரிவில் வலப்பக்கம் திரும்பினாள். “ஏன்னா” என்று கூப்பிட்டாள். கொக்குகள்தான் எழுந்து பறந்தன. அடுத்த பிரிவு, அதற்கடுத்தது. எந்தப் பக்கம் போயிருப்பார்? புங்க மரத்தடியில் முட்டி ஒரு சத்தம் போட்டு மடங்கியது. கீழே விழாமல் கிளையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஓட்டமில்லை, காலை இழுத்து இழுத்து நடந்தாள். கோபமாக அழுதாள். ஓடவேண்டிய ஒரே ஒரு நாளில் ஓட முடியவில்லையே என்று அழுதாள்.

மதகின் சிமென்ட் மேடையில் ஸ்ரீவத்சன் உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். பாதிப் பாக்கெட் காலி.

“ஏன்னா, உங்களுக்குக் கொஞ்சமாவது...” இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“வழி தெரியலை ஹம்சா. அம்பு ஒண்ணையும் காணோம். சரி, உக்காந்துடுவோம், நீதான் ஓடிண்டே இருப்பியே, எப்படியும் இந்தப் பக்கம் வருவேன்னு உக்காந்துட்டேன்.”

“உங்களை யாரு உள்ள வரச் சொன்னா?”

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். “டாக்டர் ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணினா. அடுத்த தடவை எப்போ வரேள்னு கேட்டா. ஆத்துல போன் எடுக்கறது நான்தானே? நீ விழுந்துட்டா தூக்கறதுக்கு ஆள் வேணுமேன்னு வந்தேன்.”

ஹம்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏரியைப் பார்த்தாள்.

“உக்காரு.”

“மாட்டேன். உக்காந்தா அம்மா மாதிரி ஆயிடுவேன்.” சொல்லியே விட்டாள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்ரீவத்சன் கொஞ்ச நேரம் யோசித்தார். குறுக்கெழுத்துக்கு யோசிப்பாரே, அதே முகம். “நான் கல்யாணம் ஆனதிலேர்ந்து உக்காந்துண்டுதான் இருக்கேன். படுத்துட்டேனா?” என்றார்.

ஹம்சாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது பாதம் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தடுக்கவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார். உடைந்த தூளை இரண்டு எறும்புகள் இழுத்துப் போயின.

திரும்பும்போது அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவருடைய நடைவேகம் அவளுக்கு எப்போதும் எரிச்சல். இன்று அதற்கு ஈடுகொடுக்கவே சிரமமாக இருந்தது. வாசலுக்கு வந்தபோதும் குழுவில் ஒருத்தரும் வந்திருக்கவில்லை. துரைராஜ் பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டார். யாரும் சொல்வதற்கு முன்பே ஹம்சா உட்கார்ந்து லேஸை அவிழ்த்தாள்.

வெகுநேரம் கழித்துச் சாலைத் திருப்பத்தில் அவர்கள் ஒவ்வொருவராகத் தென்பட்டார்கள். முழங்கால்வரை சேறு. ஒருத்தன் ஒற்றை ஷூவைக் கையில் பிடித்திருந்தான். கடைசியாகச் சக்திவேல் வந்தான். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று அவனால் சொல்ல முடியாது, காதுவரை ஒட்டியிருந்தது.

“மாமி, உங்க அம்பெல்லாம் எங்க?” என்று தூரத்திலிருந்தே கத்தினான்.

தள்ளாடி வருகிற அவனைப் பார்த்தபோது ஹம்சாவுக்குப் பாவமாகத் தோன்றவில்லை. நல்லபடியாக வந்து சேர்ந்தானே என்றுதான் இருந்தது. தனக்குத் தட்டியவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தாள். கைதட்டத் தொடங்கினாள். எழுந்து நிற்கச் சொல்லிக் கால் பரபரத்தது. உட்கார்ந்தபடியே, அவன் வாசலுக்கு வரும்வரை தட்டினாள்.